"எந்தத் தெரு?" – ஒரு புயல் இரவின் கேள்வி

போன மாதம் ஒரு வாசிப்பு வட்டத்தில் கல்லூரி முதலாண்டு படிக்கும் தங்கை ஒருவர் எழுந்து கேட்டார்: "அண்ணா, எல்லாரும் அப்படி இல்லையே? மழையில வண்டி நின்னுபோனா முன்னப்பின்ன தெரியாதவங்க எத்தனை பேர் வந்து தள்ளிவிடுறாங்க! சாதி கேட்டுட்டா தள்ளிவிடுறாங்க? நாமதான் எதுக்கெடுத்தாலும் சாதி பேசுறோமோ?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நியாயமான கேள்வி. அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. முழுப் பதிலைச் சொல்ல வேண்டுமானால், நான் யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஓர் இரவைச் சொல்ல வேண்டும். அந்தத் தங்கைக்காகவும், அதே கேள்வியை மனதுக்குள் வைத்துக்கொண்டு கேட்கத் தயங்கும் உங்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

2018 நவம்பர் 15. கஜா புயல் வருகிறது என்று மூன்று நாட்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் தஞ்சாவூரில் இருந்தேன். அம்மா மட்டும் திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் காலனி வீட்டில். வீடு என்றால் மண்சுவரும் ஓடும். சாயங்காலம் போன் போட்டபோது, "பள்ளிக்கூடத்துல தங்க வைக்கப் போறாங்களாம், நீ ஒண்ணும் வராத" என்றார். அதற்குப் பிறகு போன் கிடைக்கவில்லை. பேருந்துகளை நிறுத்திவிட்டார்கள். சித்தி மகனைக் கூட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன். முட்டாள்தனம்தான். அம்மா தனியாக இருக்கும்போது யாருக்கும் புத்தி வேலை செய்வதில்லை.

மன்னார்குடி தாண்டும்வரை மழைதான் தொந்தரவு. அதற்கப்புறம் காற்று. டெல்டாவில் பிறந்தவனுக்குக் காற்று புதிதில்லை. ஆனால் அந்தக் காற்று வேறு. தென்னை மட்டைகள் சாலையில் பறந்து வந்து விழுந்தன. வண்டியில் உட்கார முடியவில்லை, இறங்கித் தள்ளினோம். எங்களுக்கு முன்னால் முப்பது அடி தூரத்தில் ஒரு மரம் அடியோடு சாய்ந்து சாலையை அடைத்தது. மின்கம்பி எங்கே கிடக்கிறது என்று தெரியாத இருட்டு. தம்பி அழ ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு அப்போது பதினேழு வயது.

அப்போது ஒரு டார்ச் வெளிச்சம் எங்கள் மேல் விழுந்தது.

சாலையோரம் ஒரு கான்கிரீட் வீடு. முன்னால் பூட்டிக் கிடந்த ஒரு பெட்டிக்கடை. வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கத்தினார்: "டேய், யாருடா அது? இந்தக் காத்துல எங்கடா போறீங்க? சாவுறதுக்கா? வண்டியைப் போட்டுட்டு உள்ள ஓடியாங்கடா!"

ஓடினோம்.

உள்ளே அவரும் அவருடைய மருமகளும் ஒரு கைக்குழந்தையும்தான். மகன் சிங்கப்பூரில். அந்த அம்மா எங்களுக்கு ஆளுக்கொரு துண்டும் மகனுடைய கைலியும் கொடுத்தார். அடுப்பைப் பற்றவைத்துக் கடுங்காப்பி போட்டார். தம்பியின் தலையைத் தன் கையாலேயே துவட்டிவிட்டார். "அழாதடா, ஆம்பளப் புள்ள" என்றார்.

நள்ளிரவுக்குப் பிறகு புயல் கரையைக் கடந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில், 16-ஆம் தேதி அதிகாலை 12.30 மணிக்கும் 2.30 மணிக்கும் நடுவே, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் என்று பிறகு செய்தியில் படித்தோம். அந்த வீட்டுக்குள் எங்களுக்குக் கேட்டது ஒரு பெரிய வண்டி நிற்காமல் ஓடுவது மாதிரி ஒரு சத்தம். கொட்டகையின் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. கொல்லைப்புறக் கதவு தாழ்ப்பாளோடு ஆட ஆரம்பித்தது. நானும் தம்பியும் நெல் மூட்டைகளை இழுத்துப்போட்டு அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தோம். விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா எங்களைக் காப்பாற்றினார். நாங்கள் அந்த வீட்டுக் கதவைக் காப்பாற்றினோம்.

நடுவில் காற்று கொஞ்சம் தணிந்த நேரத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது.

"எந்த ஊருப்பா நீங்க?"

சொன்னேன்.

"அட, அந்த ஊரா? அங்க எந்தத் தெரு?"

தம்பி என் முகத்தைப் பார்த்தான். வெளியே மரங்கள் முறியும் சத்தம். உள்ளே குழந்தை தூங்குகிறது. எனக்கு யோசிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. "பிள்ளையார் கோயில் தெரு, பெரியம்மா" என்றேன்.

எங்கள் காலனி அந்தத் தெருவிலிருந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அந்தத் தெருவில் நான் ஒருநாளும் செருப்போடு நடந்து பழகியதில்லை.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. அங்கே தனக்கு ஒரு சொந்தம் இருப்பதாகச் சொல்லி விசாரிக்கத் தொடங்கினார். "நாங்க வாடகைக்குக் குடியிருக்கோம், அவ்வளவா பழக்கமில்ல" என்று அடுத்த பொய்யையும் சொன்னேன். புயலுக்கு நடுங்காத என் கை அப்போது நடுங்கியது.

விடிந்ததும் கிளம்பினோம். கைலியோடே போகச் சொன்னார். "ஈரத்துணியை மாட்டாத, காய்ச்சல் வரும். இந்தப் பக்கம் வர்றப்ப கொடு, போதும்." விழுந்த மரங்களுக்கு மேல் பைக்கைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்து, மதியத்துக்கு மேல் ஊர் போய்ச் சேர்ந்தோம்.

எங்கள் வீட்டில் ஓடு ஒன்றுகூட மிச்சமில்லை. அம்மா உயிரோடு இருந்தார். காலனிச் சமுதாயக் கூடத்தில் எழுபது எண்பது பேரோடு, முழங்காலளவு தண்ணீரில், பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க நின்றிருக்கிறார்கள். அந்தக் கூடத்தின் ஜன்னல்களுக்குக் கதவே கிடையாது.

"பள்ளிக்கூடத்துல தங்கப் போறதா சொன்னியேம்மா?"

"போனோம்டா. ஏற்கெனவே கூட்டமா இருக்கு, ஒங்க கூடத்துலயே இருந்துக்குங்கன்னு சொல்லிட்டாங்க."

"யார் சொன்னது?"

அம்மா சொன்ன பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள். அம்மாவுக்கு முப்பது வருடமாகத் தெரிந்தவர்கள். அவர்கள் வயலில்தான் அம்மா நடவு நட்டார், களை பறித்தார். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் என்னோடு படித்தவர்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறைகள் அன்றிரவு காலியாகவே இருந்தன என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம்.

இப்போது அந்த இரவை ஒன்றாக வைத்துப் பாருங்கள். அதே காற்று, அதே மழை. எனக்கு ஒரு கதவு திறந்தது. என் அம்மாவுக்கு ஒரு கதவு மூடியது. நான் யாரென்று தெரியாததால் எனக்குத் திறந்தது. அம்மா யாரென்று நன்றாகத் தெரிந்ததால் அவருக்கு மூடியது.

தங்கையின் கேள்விக்கு என் முதல் பதில் இதுதான். ஆமாம், முன்பின் தெரியாதவர்களின் அன்பு உண்மை. அதை நான் அனுபவித்திருக்கிறேன், அது இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஆனால் அந்த அன்பு பெரும்பாலும் "எந்தத் தெரு?" என்ற கேள்வி வருவதற்கு முன்னால் இருக்கிற அந்தச் சில நிமிடங்களில் வாழ்கிறது. மழையில் வண்டி தள்ளுகிறவர் உங்கள் தெருவைக் கேட்க அவகாசம் இருப்பதில்லை. அவகாசம் கிடைத்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் சாதி.

அண்ணல் அம்பேத்கர் தன் சிறுவயதுப் பயணம் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். 1901-இல் அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கப் போகிறார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப்போக ஆளில்லை. நிலைய அதிகாரி பிள்ளைகளின் நல்ல உடையைப் பார்த்து அக்கறையாக விசாரிக்கிறார். மகர் சாதி என்று பிள்ளைகள் சொன்னதும் அவர் முகம் மாறுகிறது. வண்டிக்காரர்கள் யாரும் வர மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவர் ஒப்புக்கொள்கிறார், பிள்ளைகளே வண்டி ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. இரவில் குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் முஸ்லிம் பிள்ளைகள் என்று சொல்லிக் கேட்கும்படி வண்டிக்காரர் சொல்லிக்கொடுக்கிறார். அப்படிக் கேட்டும் சுங்கச் சாவடியில் தண்ணீர் கிடைக்கவில்லை.

நான் அதைப் பலமுறை படித்திருக்கிறேன். புயலுக்குப் பிறகு படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த நிலைய அதிகாரி கெட்டவர் இல்லை. முதலில் அவராகவேதான் வந்து விசாரித்தார். பிறகு வண்டி பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். அவருக்குள் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்துக்கு எல்லை போட்டது எதுவோ, அதை எதிர்த்துத்தான் அண்ணல் வாழ்நாள் முழுக்கப் போராடினார். தனிமனிதர்களின் நெஞ்சில் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல், சாலையும் கிணறும் கடையும் எல்லோருக்கும் என்று அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. யாருடைய மனமும் மாறும்வரை நாம் தாகத்தோடு காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் பொருள்.

அப்படி எழுதியும் போதவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் திருத்தம் கொண்டுவந்தபோது, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதைக் குற்றமாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அப்படியொரு வரி தேவைப்படுகிற நாட்டின் சாலைகளில்தான் நாம் வண்டி ஓட்டுகிறோம், மழையில் நனைகிறோம், யாராவது கைகொடுப்பார்களா என்று பார்க்கிறோம்.

இரண்டாவது பதில் இன்னும் கசப்பானது. ஆபத்தில் உதவுவது என்றால் நம் கண்முன் யார் வருகிறார்கள்? 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் அழுகிய உடல்களை எடுத்தவர்கள் யார்? வேறு ஊர் நகராட்சிகளிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைத் தெருக்களில் குவிந்த சேற்றையும் குப்பையையும் அள்ளியவர்கள் யார்? வெளி மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட அதே தொழிலாளர்கள். பெரும்பாலும் நம் மக்கள். பலருக்குச் சரியான கையுறைகூட இல்லை. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாதவர்களுக்காகச் செய்தார்கள். பிரியாணிப் பொட்டலம் கொடுத்தவர்களை மனிதநேயர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. சரி, எழுதட்டும். பிணம் தூக்கியவர்கள் செய்தது மட்டும் "வேலை" ஆகிவிட்டது.

எங்கள் ஊரிலும் அதுவே நடந்தது. கஜாவுக்கு மறுநாள் அரிவாளும் கோடரியும் எடுத்துக்கொண்டு முதலில் சாலைக்கு வந்தவர்கள் காலனிப் பையன்கள். பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்று அனுப்பப்பட்டவர்கள். ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்று இரண்டு நாள் மரம் வெட்டினார்கள். அந்த வழியாக ஊரின் எல்லாத் தெருவுக்கும்தான் ஆம்புலன்ஸ் வந்தது. பிறகு நிவாரண லாரிகளும் வந்தன. அவை மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டன. காலனிக்குத் தார்ப்பாய் வந்து சேர ஒன்பது நாள் ஆனது.

ஆகவே "நல்லவங்களும் இருக்காங்கல்ல?" என்று யாராவது கேட்டால், "ஆமா, நாங்களும் அதில் உண்டு, எங்களையும் சேர்த்து எண்ணுங்கள்" என்று சொல்லுங்கள்.

இனி, அந்தக் கைலியின் கதை.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. துவைத்து மடித்த கைலி இரண்டு, துண்டு இரண்டு, கொஞ்சம் பழம் எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் அந்த வீட்டுக்குப் போனோம். போகும் வழியெல்லாம் தம்பி சொல்லிக்கொண்டே வந்தான்: "அண்ணே, கொடுத்துட்டு வந்துடுவோம். எதுவும் சொல்ல வேணாம்." எனக்கு அப்படி முடியவில்லை. உயிர் கொடுத்தவரிடம் பொய்யில் நிற்பது தொண்டையில் முள் மாதிரி இருந்தது.

அந்த அம்மா எங்களைக் கண்டதும் ஓடிவந்தார். திண்ணையில் உட்கார வைத்தார். அம்மா நன்றாக இருக்கிறாரா என்று கேட்டார். அப்போது சொன்னேன். "பெரியம்மா, அன்னிக்கு நான் சொன்ன தெரு பொய். நாங்க காலனி."

அவர் ஒன்றும் பேசவில்லை. முகத்தில் கோபமில்லை. வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மகன் லீவில் வந்திருந்தார் போல, உள்ளே ஆண் குரல் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அத ஏம்ப்பா பொய் சொன்ன?"

"சொல்லியிருந்தா உள்ள வச்சிருப்பீங்களா பெரியம்மா?"

வெகுநேரம் கழித்து அவர் சொன்னார்: "வாசல்ல நின்னப்ப எனக்கு ரெண்டு புள்ளைங்கதான் தெரிஞ்சுது. வேற ஒண்ணும் தோணல. முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு... தெரியலப்பா. பொய் சொல்ல மாட்டேன்."

எனக்குத் தெரிந்து சாதியைப் பற்றி ஓர் ஆதிக்கச் சாதி மனிதர் என்னிடம் பேசிய ஆக நேர்மையான பேச்சு அதுதான்.

கிளம்பும்போது கைலியையும் துண்டையும் நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. "அது ஒங்கிட்டயே இருக்கட்டும்ப்பா. வச்சுக்க" என்றார்.

வழியில் தம்பி கேட்டான்: "அன்புல வச்சுக்கச் சொன்னாங்களா, இல்ல நாம கட்டுனதுன்னு வேணாம்னாங்களா?"

இன்றுவரை எனக்குத் தெரியாது. கைலி என்னிடம்தான் இருக்கிறது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே வெளியே வருகிறது. தோழர்களே, சாதி செய்கிற கொடுமைகளில் கொலையும் கொளுத்தலும் மட்டும் கணக்கில்லை. உயிரைக் காப்பாற்றிய ஓர் அன்பைக்கூட முழுதாக நம்பி ஏற்றுக்கொள்ள விடாமல் செய்கிறதே, அதையும் கணக்கில் எழுதுங்கள். நமக்கு மட்டுமில்லை, அந்த அம்மாவுக்கும் அது அநியாயம்தான் செய்தது. இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றியவர், அதைத் தன் வீட்டிலேயே சத்தமாகச் சொல்ல முடியாமல் குரலைத் தாழ்த்த வேண்டியிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன். நல்ல மனங்கள் இருப்பதால் சாதி எதிர்ப்புப் போராட்டம் தேவையில்லை என்று ஆகிவிடாது. அந்த மனங்கள் பயமில்லாமல் கதவைத் திறக்க வேண்டுமானாலும் போராட்டம்தான் தேவை. புயலடிக்கும் ஓர் இரவில் மட்டும் மனிதர்களாக இருக்க முடிகிறவர்கள் மறுநாளும் அப்படி இருக்கலாம் என்கிற நிலையை உண்டாக்குவது நம் வேலை.

அதற்குப் பெரிய தத்துவம் வேண்டாம். ஒவ்வொரு ஆண்டும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. அதற்கு முன் உங்கள் ஊரில் சில வேலைகளைச் செய்யுங்கள்.

புயல் பாதுகாப்பு மையம் எது, நிவாரண முகாம் எந்தக் கட்டடம், சாவி யாரிடம் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதி வையுங்கள். காலனிச் சமுதாயக் கூடத்தை முகாம் என்று பட்டியலில் காட்டியிருந்தால், அதன் கூரையும் ஜன்னலும் எப்படி இருக்கின்றன என்று புகைப்படம் எடுத்து வட்டாட்சியருக்கு மனுவோடு அனுப்புங்கள். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-வது பிரிவைப் படித்து வையுங்கள்: இழப்பீடும் நிவாரணமும் கொடுக்கும்போது சாதி, சமூகம், மதம், பால், வம்சாவளி எதன் பேராலும் பாகுபாடு கூடாது என்கிறது அது. முகாம் வாசலில் "இடமில்லை" என்று சொல்லப்பட்டால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். சொல்பவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070. இரண்டும் காலனியில் ஒவ்வொருவர் போனிலும் இருக்கட்டும். லாரி எங்கே நிற்க வேண்டும் என்பதை லாரி வந்த பிறகு சண்டை போட்டுத் தீர்க்காதீர்கள், முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

அன்று என் அம்மாவுக்கு இவற்றில் ஒன்றாவது தெரிந்திருந்தால் அவர் அந்த இரவைத் தண்ணீரில் நின்று கழித்திருக்க மாட்டார். எனக்கே அப்போது தெரியாது. நான் அதுவரை கூட்டங்களில் கோஷம்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, என்னைப் போல எங்கேயோ ஒரு தெருவின் பெயரைப் பொய்யாகச் சொல்லிவிட்டு, அதை நினைத்துக் கூனிக்குறுகிக் கிடக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கோழை இல்லை. உயிர் பிழைக்கச் சொன்ன பொய்க்கு நீங்கள் வெட்கப்பட வேண்டாம். அந்தப் பொய் தேவைப்படுகிற மாதிரி ஊரை வைத்திருப்பவர்கள் வெட்கப்படட்டும். மழை விட்ட பிறகு, கால் தரையில் ஊன்றி நிற்க முடிகிற ஒரு நாளில், முடிந்தால் திரும்பிப் போய் உங்கள் தெருவின் பெயரைச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தாலும் சரி.

எங்கள் ஊரில் அடுத்து வந்த மழைக்காலத்தில் காலனி இளைஞர்கள் மனு கொடுத்து, வட்டாட்சியரை நேரில் பார்த்து, பள்ளிக்கூடச் சாவியின் ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்தில் வைக்கச் செய்தார்கள். இப்போது மழை எச்சரிக்கை வந்தால் அம்மா பாயையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். அங்கே சிலர் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். "திருப்பிக்கட்டும், எனக்கு மேல கூரை இருக்குல்ல" என்கிறார் அம்மா.